கவருக்குள் இருப்பது யாருடைய பணம்?

(மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னியல் மற்றும் மின்னணுவியல் துறை)



ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது, "ஆரல்வாய்மொழிக் காற்றாலையைப் பற்றி எழுதுலே, சோலாரைப் பற்றி எழுதுலே" என்று நண்பர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அதையெல்லாம் என்னைவிட நன்றாக எழுதத் தெரிந்தவர்கள் நம் துறையிலேயே இருக்கிறார்கள். நான் எழுத நினைத்தது ஒரு சின்னக் காகிதக் கவரைப் பற்றி. எந்தப் பாடப் புத்தகத்திலும் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. எந்தப் பரீட்சையிலும் கேள்வி வராது. ஆனால் டிப்ளமோவை வாங்கிக்கொண்டு வெளியே போகும் நம்மில் பாதிப் பேர், வேலைக்கு இறங்கிய முதல் மாதமே இந்தக் கவரைக் கையில் வாங்கத்தான் போகிறோம்.

சிவில் படித்தவனுக்கு டைல்ஸ் கடைக்காரரும் கம்பிக் கடைக்காரரும் தருவார்கள். மெக்கானிக்கல் படித்தவனுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கிடைக்கும். கம்ப்யூட்டர் படித்தவன் ஒரு ஆபீசுக்கு நாலு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தால் அவனுக்கும் உண்டு. என்னைப்போல எலெக்ட்ரிக்கல் படித்தவனுக்கு ஒயர் கடை. பெயிண்ட் டின்னுக்குள் பெயிண்டருக்கு டோக்கன் போட்டு வைப்பது பழைய கதை. இப்போது ஸ்விட்ச் பெட்டியிலும் ஒயர் கட்டிலும் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைச் சுரண்டி, போனில் ஸ்கேன் செய்தால் எலெக்ட்ரீஷியன் கணக்கில் பாயிண்ட் ஏறுகிறது. பெயர் மாறலாம், உருவம் மாறலாம். நமக்குத் தெரிந்த ஒரே சொல் கமிஷன்.

இது சரியா, தப்பா? உபதேசம் செய்ய நான் வரவில்லை. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பிறகு நீங்களே சொல்லுங்கள்.

எழுதி வைத்த நோட்டு

என் அப்பா வயரிங் வேலை செய்பவர். 14 வயதில் கையாளாக ஏறி, வேலை படித்து, லைசென்ஸ் எடுத்தவர். இரண்டாம் ஆண்டு லீவில் நானும் அவர்கூட வேலைக்குப் போனேன். பார்வதிபுரம் பக்கம் ஒரு புது வீடு. வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ஒரு டீச்சர். பென்ஷன் பணத்தையும், பணி முடித்தபோது கிடைத்த தொகையையும் வைத்துக் கட்டிய வீடு.

கூலி 38,000 ரூபாய் என்று அப்பா சொன்னார். டீச்சர் பேசிப் பேசி 32,000-த்துக்குக் கொண்டு வந்தாவ. சாமான் எடுக்கக் கடைக்குப் போகும்போது டீச்சரும் கூட வந்தாவ. கையில் ஒரு கோடு போட்ட நோட்டு.

"மக்களே, நீ காலேஜ்ல இதே படிப்புதானே படிக்கே. எந்த ஒயர் நல்லது, நீயே சொல்லு" என்று என்னிடம் கேட்டாவ.

நான் ஒரு கம்பெனி பெயரைச் சொன்னேன். அந்த மாதம் அந்தக் கம்பெனிக்குத்தான் கடையில் கமிஷன் கூடுதல் என்று முந்தின நாள் அப்பாவும் கடைக்காரரும் பேசியது என் காதில் விழுந்திருந்தது. அது மோசமான ஒயர் என்று சொல்ல மாட்டேன். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதுதான். ஆனால் அதே விலைக்கு அதைவிட நல்லது பக்கத்து அலமாரியிலேயே இருந்தது. நான் அதைச் சொல்லவில்லை. டீச்சர் நான் சொன்ன பெயரை நோட்டில் எழுதி, கீழே கோடும் போட்டாவ.

பில் 87,500 ரூபாய். டீச்சர் ஆட்டோவில் ஏறிப் போன பிறகு, கடைக்காரர் அப்பாவை உள்ளே கூப்பிட்டு ஒரு கவர் கொடுத்தார். 100-க்கு 8 வீதம் 7,000 ரூபாய். அதிலிருந்துதான் என் செமஸ்டர் பீசுக்கு 3,000 எடுத்து அப்பா என் கையில் தந்தார். இதை எழுத எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமே இல்லை.

வேலை முடிந்து லைட் போட்ட அன்றைக்கு டீச்சர் எனக்குத் தனியாக 200 ரூபாய் தந்து சொன்ன வார்த்தைதான் இன்னும் ஓர்மையில் நிற்கிறது. "நீங்க ரெண்டு பேரும் கூட வந்ததுனாலதான் கடையில எனக்கு இவ்வளவு குறைச்சுத் தந்தான். தனியா போயிருந்தா என்னை ஏமாத்தியிருப்பான், இல்லா?"

அப்பாவின் கணக்கு

ராத்திரி வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"லே மக்கா, இது களவு இல்ல, கேட்டியா. கடைக்காரன் அவன் லாபத்துல இருந்து தாறான். டீச்சர் பையில இருந்தா எடுத்தோம்? கையாளுக்குக் கூலி, பஸ், சாயா எல்லாம் போக 32,000-ல எனக்கு என்ன நிக்கும்னு நீ பாத்தியா? கூலியைக் கேட்டா எல்லாரும் அடிச்சுக் குறைக்கியாவ. கடையில பில் போட்டா மட்டும் ஒரு வார்த்தை பேசாம எடுத்துக் குடுக்கியாவ. அப்போ நான் எங்க போய் வாங்க?"

அப்பா சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். கடைக்கு வந்து சாமான் தெரிந்தெடுப்பது ஒரு வேலை. எத்தனை மீட்டர் பைப், எத்தனை பெட்டி, எத்தனை கட்டு ஒயர் என்று மிச்சம் வராமல் கணக்குப் போடுவது ஒரு வேலை. மிஞ்சியதைத் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்கி வருவது ஒரு வேலை. ஆறு மாதம் கழித்து ஒரு ஸ்விட்ச் கெட்டால் கடைக்காரரிடம் சண்டை போட்டு மாற்றித் தருவதும் அப்பாதான். இத்தனைக்கும் கூலி எதுவும் கிடையாது. அறிவுக்குக் காசு கேட்க நமக்கு வெட்கம், கொடுக்க வீட்டுக்காரருக்கு மனசில்லை. கேட்காத கூலிதான் பின்வாசல் வழியாகக் கவராக வருகிறது.

ஆனால் "கடைக்காரன் லாபத்தில் இருந்து தருகிறான்" என்ற அடுத்த பாதிதான் எனக்குச் செரிக்கவில்லை. கடைக்காரருக்கு லாபம் எங்கிருந்து வருகிறது? டீச்சர் கொடுத்த 87,500-ல் இருந்துதானே? 7,000 ரூபாயை விட்டுக்கொடுத்த பிறகும் அவருக்குக் கட்டுபடியாகிறது என்றால், 80,500-க்கே அந்தச் சாமானை அவர் விற்றிருக்க முடியும். எலெக்ட்ரிக்கல் சாமானில் பெட்டிமேல் அச்சடித்த அதிகபட்ச விலைக்கும் கடையில் விற்கும் விலைக்கும் நல்ல இடைவெளி உண்டு. "எம்.ஆர்.பி.யில் இவ்வளவு தள்ளுபடி" என்று கேட்டதும் வீட்டுக்காரர் மனம் குளிர்ந்து போகிறார். இன்னும் எவ்வளவு தள்ள முடியும் என்பது கடைக்காரருக்கும் நமக்கும் மட்டும்தான் தெரியும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். டீச்சர் கூலியில் குறைத்தது 6,000. தெரியாமலே கொடுத்தது 7,000. அப்பா கேட்ட 38,000-த்தை அப்படியே கொடுத்து, கடையில் 80,500-க்கு வாங்கியிருந்தால் மொத்தம் 1,18,500. நடந்தபடி 87,500-ம் 32,000-மாக 1,19,500. பேரம் பேசிச் சாதித்ததாக நினைத்த டீச்சருக்கு 1,000 ரூபாய் நஷ்டம். 7,000 ரூபாய் கவர் வாங்கிய அப்பாவுக்கு, கேட்ட கூலியைவிட மிச்சமும் அதே 1,000 ரூபாய்தான். வெறும் 1,000 ரூபாய்க்காகவா இத்தனை ஒளிவும் மறைவும்?

கவர் நம் வாயை மாற்றுகிறது

பணத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. நான் டீச்சரிடம் சொன்ன அந்தக் கம்பெனிப் பெயர். கவர் இல்லாவிட்டால் என் வாயில் வேறு பெயர் வந்திருக்கும்.

நம் துறையில் இது விளையாட்டு இல்லை. 1.5 சதுர மில்லிமீட்டர் என்று எழுதியிருக்கும் ஒயருக்குள் 1.2 அளவுக்குத்தான் செம்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் மின்தடை 25 சதவீதம் கூடுகிறது. அதே கரண்ட் ஓடும்போது சூடும் அதே 25 சதவீதம் கூடும். இது முதல் ஆண்டிலேயே நாம் படித்த கணக்கு. அந்தச் சூட்டை மேலே பூசிய சிமெண்டும் பெயிண்டும் மறைத்துவிடும். வீட்டுக்காரருக்குத் தெரிய வருவது இன்சுலேஷன் உருகிய பிறகுதான். பெயர் தெரியாத சரக்குக்குத்தான் கமிஷன் கூடுதல் என்பது கடைப்படி ஏறிய எல்லாருக்கும் தெரியும். நல்ல சரக்கு தன் பெயரால் விலைபோகும். மட்டமான சரக்குக்குத்தான் நம் வாய் வேண்டும்.

ஆளைக் காப்பாற்றும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. விஷயமும் அப்படியே. "அது எதுக்கு, வீண் செலவு" என்று சொல்லி அதை விட்டுவிட்டு, அந்தக் காசுக்கு நாலு அலங்கார லைட்டைத் தலையில் கட்டுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். லைட்டில் கமிஷன் கூடுதல். கரண்ட் அடித்தால் சாகப்போவது கடைக்காரரும் இல்லை, நாமும் இல்லை.

மற்ற தொழில்காரர்கள் என்ன செய்தார்கள்?

"உலகம் பூராவும் இப்படித்தான்" என்று சொல்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். உலகம் பூராவும் இப்படி நடந்ததால்தான் பல தொழில்களில் இதற்குச் சட்டமே எழுதினார்கள்.

ஸ்கேனுக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் அனுப்பிவைத்ததற்காக டாக்டர் கமிஷன் வாங்குவதை இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகள் தடுக்கின்றன. கொடுப்பதும் தப்பு, கேட்பதும் தப்பு, வாங்குவதும் தப்பு. மருந்துக் கம்பெனிகள் டாக்டர்களுக்குக் கொடுக்கும் பரிசுகளைச் செலவுக் கணக்கில் காட்டி வருமான வரியைக் குறைத்துக்கொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அந்த "இலவசம்" கடைசியில் மருந்து விலையில்தான் வந்து ஏறுகிறது என்பதையும் நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. என் அப்பாவின் "கடைக்காரன் லாபத்துல இருந்து" என்ற வாதத்துக்கு இதைவிடப் பெரிய பதில் வேண்டுமா?

நம் சிவில் நண்பர்களுக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் உண்டு. கட்டடக்கலை நிபுணர்களுக்கான 1989-ஆம் ஆண்டு நடத்தை விதிகளில், வேலையோ வாடிக்கையாளரோ பிடித்துத் தருவதற்காகக் கமிஷனோ பரிசோ கொடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது என்று இருக்கிறது. ஒரே வீட்டுக்குப் பிளான் போடும் ஆர்க்கிடெக்டுக்கு ஒரு விதி. அதே வீட்டில் சூப்பர்வைசராக நிற்கும் டிப்ளமோக்காரனுக்கு விதியே இல்லை. விதி இல்லை என்பதால் நியாயமும் இல்லாமல் போகுமா?

மியூச்சுவல் பண்டில் ஒரு காலத்தில் முதலீடு செய்தவரின் பணத்திலிருந்தே நுழைவுக் கட்டணம் என்று ஒரு பகுதியைப் பிடித்து ஏஜெண்டுக்குக் கொடுத்தார்கள். 2009 ஆகஸ்ட் 1 முதல் செபி அதை நிறுத்தியது. 2016 அக்டோபர் முதல், ஏஜெண்டுக்குப் போன கமிஷன் இத்தனை ரூபாய் என்று முதலீட்டாளருக்கு வரும் கணக்குத் தாளிலேயே போட வேண்டும் என்று ஆக்கியது. கமிஷனை ஒழிக்கவில்லை. வெளிச்சத்தில் கொண்டுவந்து வைத்தது. இந்த வித்தியாசத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 216-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். இன்னொருவருக்காகக் காரியம் பார்க்கும் முகவர், தன்னை நியமித்தவருக்குத் தெரியாமல் அந்த வியாபாரத்தில் தன் கணக்குக்கு ஈடுபட்டு ஆதாயம் எடுத்தால், அந்த ஆதாயத்தை நியமித்தவர் கேட்டு வாங்கலாம். 150 வருஷத்துக்கு முந்தின சட்டம். அதற்கும் எவ்வளவோ காலம் முன்பே வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறளில் வியாபாரியைப் பற்றிப் பேசிவிட்டார். அடுத்தவன் பொருளையும் தன் பொருளைப்போலப் பேணிச் செய்வதுதான் வாணிகம் என்பது அவர் கருத்து.

கமிஷன் எல்லாம் பாவமா?

இல்லை. தரகு என்பது பழைய, மரியாதையான தொழில். தோவாளைப் பூச்சந்தையில் விடியுமுன் போய்ப் பாருங்கள். பூவைக் கொண்டுவரும் விவசாயிக்கும், வாங்கிப் போகும் வியாபாரிக்கும் நடுவில் கமிஷன் கடைக்காரர் இருக்கிறார். "கமிஷன் கடை" என்று பெயரே போட்டுத்தான் இருக்கிறார். தன் பூவில் எவ்வளவு கழிவு போகும் என்பது பூப்பறித்தவருக்குத் தெரியும். தெரிந்தே கொடுக்கிறார். பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போகிறார்.

நம் கடற்கரையைப் பாருங்கள். கடன் கொடுத்த வியாபாரிக்கே மீனைக் கொடுக்க வேண்டும், அவர் சொல்வதே விலை, அவர் பிடிப்பதே கழிவு என்றிருந்த காலம் உண்டு. 1970-களில் நம் மாவட்டத்துக் கடற்கரை ஊர்களில் மீனவர்கள் தாங்களே சங்கம் வைத்துக்கொண்டார்கள். 1980-ல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு உருவானது. சங்கம் வந்த பிறகும் பிடித்தம் இல்லாமல் போகவில்லை. கடனுக்கு இவ்வளவு, சேமிப்புக்கு இவ்வளவு, சங்கச் செலவுக்கு இவ்வளவு என்று பிடிக்கத்தான் செய்தார்கள். ஆனால் பிடித்தது எவ்வளவு, எதற்கு என்று மீன் பிடித்தவனுக்குத் தெரிந்தது. எழுதப் படிக்க வசதியில்லாத நம் தாத்தாமார் அன்றைக்கே கண்டுபிடித்த நியாயம் இது. டிப்ளமோ வாங்கப்போகும் நமக்கு அது எட்டாதா?

ஆகவே என் கருத்து இதுதான். கமிஷன் வாங்குவது தப்பில்லை. அதை மறைப்பதுதான் தப்பு. யார் நம்மை நம்பி வந்தாரோ அவருக்குத் தெரிந்து வாங்கினால் அது கூலி. அவருக்குத் தெரியாமல் வாங்கினால் அது கவர்.

ஆளைப் பார்த்து விலை

இதோடு சேர்ந்தது இன்னொரு பழக்கம். வாசலில் நிற்கும் காரைப் பார்த்து ரேட் சொல்வது. வளைகுடாவில் வேலை பார்ப்பவர் வீடு என்றால் ஒரு விலை, பக்கத்துத் தெரு ஆசாரி வீடு என்றால் ஒரு விலை. கன்னியாகுமரியில் ரயிலை விட்டு இறங்கும் வடநாட்டுக்காரரை லாட்ஜுக்குக் கூட்டிப்போய் ரூம் வாடகையில் பங்கு வாங்கும் கதை நமக்கெல்லாம் தெரியும். அதைக் கேட்டு நாம் சிரிக்கிறோம். நாம் செய்வதும் அதேதான்.

எல்லாரிடமும் ஒரே விலைதான் வாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கணவனை இழந்த ஒரு அக்கா வீட்டில் அப்பா பாதிக் கூலிக்கு வேலை செய்திருக்கிறார். அது அவர் தன் கையிலிருந்து விட்டுக்கொடுத்தது. அது தர்மம். மூன்றாவது மாடிக்குச் சாமான் ஏற்ற வேண்டும், பழைய சுவரில் காடி வெட்ட வேண்டும் என்றால் கூட வாங்கலாம். அது வேலைக்குத் தகுந்த கூலி. ஆனால் "இவனுக்கு விவரம் தெரியாது" என்பதற்காகக் கூட்டினால் அது வேறு.

நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். நம் இரண்டு வாடிக்கையாளர்கள் ஒரு கல்யாணப் பந்தியில் அடுத்தடுத்து இலை போட்டு உட்கார்கிறார்கள். பருப்பும் நெய்யும் விடும்போது, "உங்க வீட்டு வயரிங் யாரு? பாயிண்டுக்கு எவ்வளவு வாங்கினான்?" என்று பேச்சு வருகிறது. நாம் எதிர் இலையில் இருக்கிறோம். இரண்டு பேருக்கும் நேரே காரணத்தைச் சொல்ல முடியுமா, அல்லது பாயசம் வருமுன் எழுந்து கை கழுவப் போவோமா? காரணத்தைச் சொல்ல முடிந்தால் விலை நியாயம். நம் ஊரில் இரண்டு கல்யாணத்துக்கு ஒரு தடவையாவது இந்தப் பேச்சு வரத்தான் செய்கிறது!

டீச்சரிடம் போனேன்

மனசு கேட்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை டீச்சர் வீட்டுக்குப் போனேன். அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. டீச்சரிடம் ஒயர் பெயரில் இருந்து 7,000 வரை எல்லாவற்றையும் சொன்னேன். 1,18,500 கணக்கையும் அவர்கள் நோட்டிலேயே போட்டுக் காட்டினேன்.

டீச்சர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாவ: "நான் ஏன் கூலியைக் குறைச்சேன் தெரியுமா? குறைக்காம குடுத்தா ஏமாளின்னு ஊர்ல சொல்லுவாவ. கடையில பில் கம்ப்யூட்டர்ல வருது, அதை எப்படிக் கேக்கன்னு விட்டுட்டேன். மனுஷன் கூலியில 6,000 குறைச்சது என் தப்பு. 7,000-த்தை மறைச்சது ஒங்க தப்பு. கழிச்சா 1,000 ரூவா நிக்குது. அதுக்கு அந்த வராண்டாவுல ஒரு பிளக் பாயிண்ட் போட்டுத்தா. அத்தோட கணக்கு முடிஞ்சுது."

போட்டுக் கொடுத்தேன். கூலி வாங்காமல் நான் போட்ட அந்தப் பிளக் பாயிண்ட்தான் நான் செய்ததிலேயே சுத்தமான வேலை.

செய்து பார்த்தது

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். முடியவில்லை. அதற்குப் பிறகு வந்த மூன்று வேலைகளில் அப்பாவை வற்புறுத்தி எஸ்டிமேட்டை மாற்றி எழுத வைத்தேன். நம் எஸ்டிமேஷன் பாடத்தில் எப்படி எழுதுகிறோம்? பொருள் செலவு, ஆள் கூலி, எதிர்பாராச் செலவு, ஒப்பந்தக்காரர் லாபம் என்று தனித்தனி வரி. லாபத்தை மறைத்து எழுது என்று எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. அதே மாதிரி கூலியை முழுதாக எழுதி, "சாமான் தெரிந்தெடுத்துத் தருவதற்கு" என்று ஒரு வரியும் சேர்த்தோம். கடைத் தள்ளுபடி முழுவதும் வீட்டுக்காரர் பில்லிலேயே கழியும் என்றும் எழுதினோம்.

முதல் வேலை கைவிட்டுப் போனது. வேறொருவர் 10,000 ரூபாய் குறைத்துக் கூலி சொன்னார், வீட்டுக்காரர் அவரிடம் போய்விட்டார். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். வழக்கமாகப் போகும் கடைக்காரரும் மறுத்தார். "பில்லுல போட்டா நாளைக்கு எல்லா வீட்டுக்காரனும் அதே விலைக்குக் கேப்பான் அண்ணே. ஒங்களுக்குத் தாறது வேற" என்றார். உண்மையை அவரே சொல்லிவிட்டார்! கடைசியில் கோட்டாறு பக்கம் ஒரு கடைக்காரர்தான் ஒத்துக்கொண்டார்.

அடுத்த இரண்டு வேலைகளும் கிடைத்தன. காரணம், கூலியை மட்டும் சொல்லாமல், சாமானும் கூலியும் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று எழுதிக் கொடுத்தோம். கூலி குறைவாகச் சொல்பவரிடம் போய் மொத்தம் எவ்வளவு என்று கேட்டுவிட்டு வாருங்கள் என்று சொன்னோம். போய்க் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார்கள். ஒரு வேலை போனதால் வந்த நஷ்டம் நஷ்டம்தான். அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். அப்பா இன்னும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. "பாப்போம்லே" என்கிறார். ஆனால் கடைக்குப் போகும்போது இப்போது வீட்டுக்காரரைக் கூடவே உள்ளே கூப்பிடுகிறார். அது போதும் எனக்கு.

பேரவைக்கு ஒரு வேண்டுகோள்

நண்பர்களே, இதைத் தனி ஒருவன் செய்தால் முதல் வேலை மட்டுமல்ல, பத்து வேலை போகும். கூட்டமாகச் செய்தால் அது வழக்கமாகிவிடும். நம் கல்லூரியில் படித்தவர்கள் களியக்காவிளையில் இருந்து ஆரல்வாய்மொழி வரை வேலை செய்கிறார்கள். ஆகவே என் யோசனைகளை வைக்கிறேன்.

ஒன்று: கூலியைக் கேட்க வெட்கப்படாதீர்கள். ஒரு பாயிண்டுக்கு இவ்வளவு, எஸ்டிமேட் போட இவ்வளவு, கடைக்குக் கூட வர இவ்வளவு என்று முதலிலேயே எழுதிக் கொடுங்கள். வேண்டாம் என்பவர் வேண்டாம் என்று சொல்லட்டும்.

இரண்டு: கடைக்காரர் கமிஷன் தந்தால் அதைப் பில்லில் தள்ளுபடியாகக் கழிக்கச் சொல்லுங்கள். முடியாது என்றால், எவ்வளவு கிடைத்தது என்று வீட்டுக்காரரிடம் சொல்லி, அவர் சம்மதித்தால் வாங்குங்கள். ஸ்கேன் செய்து ஏறும் பாயிண்டும் இதில் சேர்த்திதான்.

மூன்று: ஒயர், எம்.சி.பி., ஆர்.சி.சி.பி., எர்த் சாமான் ஆகியவற்றில் சொல்லிவிட்டும் வாங்க வேண்டாம். சிவில் நண்பர்களுக்குக் கம்பியும் சிமெண்டும் அப்படித்தான். உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் நம் வாய்க்கு விலை இருக்கக் கூடாது.

நான்கு: "நல்ல பிளம்பர் யாராவது இருக்காளா தம்பி?" என்று கேட்டால், நல்ல பிளம்பர் பெயரைச் சொல்லுங்கள். பங்கு தரும் பிளம்பர் பெயரைச் சொல்லாதீர்கள்.

வீட்டுக்காரர்களாகப் போகும் நமக்கும் ஒரு வார்த்தை. நாளைக்கு நாமும் வீடு கட்டுவோம். வேர்வை சிந்துபவனிடம் அடித்துப் பேசிவிட்டு, கண்ணாடிக் கதவு போட்ட கடையில் வாயை மூடிக்கொண்டு பணம் கட்டும் பழக்கத்தை அன்றைக்கு மறந்துவிட வேண்டாம்.

கடைசியாக, மாணவர் பேரவை ஒரு காரியம் செய்ய வேண்டும். எல்லாத் துறைக்கும் பொதுவாகத் தமிழில் ஒரு மாதிரி எஸ்டிமேட் தாளை அச்சடித்து, இறுதி ஆண்டு மாணவர் ஒவ்வொருவருக்கும் கொடுக்க வேண்டும். செலவு அதிகம் இல்லை. இந்த மலரில் ஒரு விளம்பரப் பக்கத்துக்கு வாங்கும் பணம் போதும். அந்தத் தாளின் அடியில், கையெழுத்துக்கு மேலே, ஒரே ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும்:

"இந்த வேலையில் கடையிடமிருந்தோ வேறு யாரிடமிருந்தோ எனக்குக் கிடைக்கும் தொகை: ரூ. ........"

அந்தப் புள்ளிக்கோட்டில் சைபர் போட்டாலும் சரி, 7,000 போட்டாலும் சரி. நிரப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்காரர் முகத்தை நேரே பார்க்க முடிந்தால் போதும். நாம் படித்த படிப்புக்கு அதுதான் மரியாதை.